"படிக்கிற புள்ளைக்கி வேல வைக்காதீங்க சேர்"



கொஞ்சம் நீளமான பதிவு. வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் உம்மா, வாப்பாமார் பொறுமையாக வாசியுங்கள். திட்டுவதென்றாலும் முழுதும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன தவணை தரம் 9 பிள்ளைகளுக்கு நாங்கள் ஓர் ஒப்படை கொடுத்தோம். வீட்டில் வெண்டி விதை போட்டு, காய் வரும்வரை வளர்த்து, ஒவ்வொரு வாரமும் கண்டதைக் கொப்பியில் எழுத வேண்டும். அவ்வளவுதான். விதையையும் நாங்களே கொடுத்தோம்.

இரண்டாவது வாரமே வட்ஸ்அப்பில் வொய்ஸ் வரத் தொடங்கியது. "சேர், மகனுக்கு ஸ்கூல் விட்டா டியூஷன், டியூஷன் விட்டா ஓதப் போகணும். இதுக்கு எங்க சேர் நேரம்?" இன்னொருவர் நேராகவே சொன்னார், "படிக்கிற புள்ளைக்கி இந்த வேலயெல்லாம் வைக்காதீங்க சேர்."

கடைசி நாள் சிலர் காசு கொடுத்து வாங்கிய கன்றோடு வந்தார்கள், கறுப்புப் பைகூடக் கழற்றவில்லை. அதில் ஒன்று கத்தரிக் கன்று. வாங்கிக் கொடுத்த வாப்பாவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, தூக்கி வந்த மகனுக்கும் தெரியவில்லை. செழிப்பாக வளர்ந்த ஒரு கன்றைப் பார்த்து, "மகன், எத்தின நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்தினீங்க?" என்று கேட்டோம். "உம்மாதான் சேர் ஊத்தின" என்றான்.

பிள்ளைகள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. கோபம் பெரியவர்களாகிய நம் மேல்தான்.

கல்யாண வீட்டிலும், மையத்து வீட்டிலும், பள்ளிவாசல் முற்றத்திலும் நாம் பேசுவது ஒரே கதை. "வளர்ந்த பொடியன், போனும் கையுமா கிடக்கான், ஒரு வேலயும் செய்யான்." சரி. அவன் செய்வதற்கு எந்த வேலையை நாம் மிச்சம் வைத்திருக்கிறோம்?

உங்கள் உம்மம்மாவின் வளவை நினைத்துப் பாருங்கள். வேலியோரம் முருங்கை, கிணற்றடியில் வாழை, குசினிப் பக்கம் கறிவேப்பிலையும் ரம்பையும், நாலு கொச்சிக்காய்க் கன்று, ஒரு தேசிமரம், ஒரு கோழிக்கூடு. அந்த வளவில் பிள்ளைகளுக்கு வேலை இருந்தது. மஃரிபுக்கு முன் கோழி அடைப்பதும், முருங்கையிலை ஆய்வதும் அவர்கள் பொறுப்பு. பொறுப்புணர்ச்சி பற்றி யாரும் பயான் செய்யவில்லை. கூட்டை அடைக்க மறந்தால் கீரி வந்து போகும். அந்தப் பாடம் ஆயுசுக்கும் போதும்.

பிறகு மகள்மாருக்கு வீடு கட்ட வளவைத் துண்டு துண்டாகப் பிரித்தோம். சீதன வீட்டுக் கதை வேறொரு நாளைக்கு. மிஞ்சின முற்றத்தை என்ன செய்தோம்? இன்டர்லொக் கல் பதித்தோம். மணல் வீட்டுக்குள் வருகிறதாம். மயிர்க்கொட்டி வருகிறது என்று முருங்கையை அடியோடு வெட்டினோம். இப்போது மழைத்தண்ணீர் இறங்க மண் இல்லை, வெயிலில் முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை, முருங்கையிலையைச் சந்தையில் பிடி விலைக்கு வாங்குகிறோம். வளவோடு சேர்த்துப் பிள்ளையின் வேலையையும் கல்லுக்குக் கீழே புதைத்துவிட்டோம்.

2022ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முதல் வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு 195 ரூபாய். வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரசாங்கம் உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்த காலம் அது. மொட்டை மாடியிலும் சாக்கில் மரவள்ளியும் கங்குனும் நட்டோம்.

அப்போது நம் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள்? 13, 14 வயதுப் பொடியன்மார் விடியற்காலையில் கேஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்றார்கள். விறகு பொறுக்கினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். தாங்கள் இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்ததும் நிமிர்ந்து நின்றார்கள். நாங்கள் வகுப்பறையில் கண்ணால் கண்டது இது. சாமான் கிடைக்கத் தொடங்கியதும் நாம் சாக்குகளைத் தூக்கி எறிந்தோம். பிள்ளைகளையும் பழையபடி கதிரையில் உட்கார வைத்தோம்.

இன்று வளர்ந்த பிள்ளை தன் வீட்டிலேயே விருந்தாளி. விருந்தாளிக்குச் சாப்பாடு கிடைக்கும், வைஃபை கிடைக்கும், பொறுப்பு மட்டும் கிடைக்காது. அவன் முகம் சுளித்தால் வீடே பயப்படும். பிறகு அவனிடம் போய் "உனக்குக் குடும்பத்தில அக்கறை இருக்கா?" என்று கேட்கிறோம். எந்த விருந்தாளிக்கு அந்த வீட்டில் அக்கறை இருந்திருக்கிறது?

இதையும் சொல்லியே ஆக வேண்டும். "படிக்கிற பிள்ளை" என்ற சலுகை நம் வீடுகளில் ஆண் பிள்ளைக்கு மட்டும்தான். மகளுக்கும் அதே ஓ.எல்., அதே டியூஷன். ஆனால் அவள்தான் கோப்பை கழுவுகிறாள், காக்காவின் சேர்ட்டை அயன் பண்ணுகிறாள். எங்கள் வகுப்புகளில் முதல் பத்துப் பேரில் பெண் பிள்ளைகள்தான் அதிகம். வீட்டு வேலை படிப்பைக் கெடுக்கும் என்றால் முதலில் கெட்டிருக்க வேண்டியது அவர்களுடைய படிப்பு. ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வீட்டில் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், வீட்டு வேலைகளில் பங்கெடுத்தார்கள் என்று ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த சுன்னத்து நம் பொடியன்மாருக்கு இல்லையா?

நாங்கள் சுத்தமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. எங்களில் பலர் படிக்கிற பிள்ளையாகவே வளர்ந்து, பயிற்சிக் கல்லூரி விடுதிக்குப் போய்த்தான் உடுப்புக் கழுவப் பழகினோம். இன்று டியூஷன் வகுப்பு வைத்துப் பிள்ளைகளின் பின்னேரத்தைப் பிடித்து வைத்திருப்பதும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான். இந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

நீங்கள் சொல்லப்போகும் சாட்டுகள் எங்களுக்குத் தெரியும்.

"இடமில்லை." பத்து மா பேக் வைக்க இடமில்லாத வீடு நம்மூரில் எத்தனை? மதில் ஓரம் போதும், வெயில் விழுந்தால் சரி. கங்குன் மூன்று நான்கு வாரத்தில் வெட்டலாம். வெண்டி ஏறக்குறைய ஐம்பது நாளில் காய்க்கும்.

"நம்மட மண் வெறும் மணல்." உண்மை. ஊற்றுகிற தண்ணீரும் பசளையும் நிற்காது. மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, காய்ந்த இலை எல்லாவற்றையும் குப்பையில் போடாமல் மக்க வைத்து, மாட்டெருவோடு மணலில் கலவுங்கள். மீன் கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுங்கள். வுழூத் தண்ணீரை ஒரு பேசினில் பிடியுங்கள். நபியவர்கள் வுழூ செய்தது ஒரு முத்து தண்ணீரில், ஏறக்குறைய முக்கால் லீற்றர்தான். நாம் குழாயைத் திறந்துவிட்டுச் செய்யும் வுழூவில் இரண்டு பேக் கன்று குடிக்கும்.

"டெங்கு வரும்." நுளம்பு முட்டையிடுவது தேங்கி நிற்கும் தண்ணீரில். சிரட்டை, யோகட் கப், பீலி, பூச்சாடித் தட்டு ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும். அதையும் அந்தப் பிள்ளையிடமே கொடுங்கள்.

"கடையில வாங்கினா லேசு." லேசுதான். பத்துப் பேக்கில் ஒரு குடும்பத்தின் மரக்கறிச் செலவு தீராது, பொய் சொல்ல மாட்டோம். மருந்து அடிக்காத ஒரு கறி வாரத்தில் இரண்டு நாள் கிடைக்கும். அதைவிடப் பெரிய லாபம், வெண்டியை இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் நார் பிடித்துவிடும் என்பதை உங்கள் மகன் தன் கையால் அறிந்துகொள்வான். போனில் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கலாம். வெண்டி அவனுக்காக நிற்காது.

ஆகவே பெற்றோரிடம் நாங்கள் கேட்பது இரண்டே விடயம்.

ஒன்று, பத்துப் பேக்கை மகன், மகள் பொறுப்பில் முழுதாக ஒப்படையுங்கள். "உம்மாக்கு உதவி செய்" என்று சொல்லாதீர்கள். உதவி என்றால் அது இன்னும் உம்மாவின் வேலைதான். வாடினால் வாடட்டும். நீங்கள் ஒளித்துப் போய் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்த்தால் அன்றே சமைத்து, இது யார் வளர்த்தது என்று சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வாப்பா வாயால் சொல்லுங்கள்.

இரண்டு, ஆண் பிள்ளையைக் குசினிக்குள் விடுங்கள். தன் கோப்பையைத் தான் கழுவட்டும். முருங்கையிலை ஆய்ந்து ஒரு சுண்டல் செய்யப் பழகட்டும்.

ஆசிரியர்களாகிய நம்மிடம் மூன்றாவது ஒன்று. ஜும்ஆவுக்குப் பிறகு வெள்ளிப் பின்னேரம் டியூஷன் வேண்டாம். அந்தப் பின்னேரத்தை வீடுகளுக்குத் திருப்பிக் கொடுப்போம்.

அந்த ஒப்படையில் முழுப் புள்ளி எடுத்தது யார் தெரியுமா? அவனுடைய கன்று மிகச் சிறியது, காயும் இல்லை. கொப்பியில் ஐந்தாவது வாரம் இப்படி எழுதியிருந்தான்: "ஆடு தின்றுவிட்டது. கவலையாக இருந்தது. மறுபடி விதை போட்டு, சுற்றிக் கம்பு நட்டேன்." வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை அவன். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ, பறவையோ, மிருகமோ தின்றாலும் அது அவருக்கு ஸதகா என்று நபியவர்கள் சொன்னதை அவனுக்குச் சொன்னோம். "அப்ப ஆடு திண்டதுக்கும் நன்மை இருக்கா சேர்?" என்று கேட்டான். இருக்கிறது மகன் என்றோம். அவன் முகத்தில் அன்று கண்ட சந்தோஷத்தை எந்த டியூஷன் வகுப்பிலும் நாங்கள் கண்டதில்லை.

அடுத்த தவணையும் ஒப்படை உண்டு. விதை நாங்கள் தருவோம். தண்ணீர் மட்டும் பிள்ளை ஊற்றட்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளை ஸாலிஹானவர்களாகவும், வீட்டுக்கும் ஊருக்கும் உதவுகிறவர்களாகவும் ஆக்குவானாக. ஆமீன்.