குதிக்கலாம்... மிதிக்கலாமா?

ஒரு பக்கம் கடல். மறு பக்கம் மணல். நடுவே ஓர் ஊர்.

அந்த ஊரின் பெயர் சுவாகோப்முண்ட். ஆப்பிரிக்காவின் தென்மேற்கே, நமீபியா நாட்டில் இருக்கிறது. மழை என்பது அங்கே அதிசயம். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் 2 சென்டிமீட்டர் தேறாது!

பாலைவனம் என்றால் சுடும் என்றுதானே நினைக்கிறோம்? அங்கே நாங்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடுங்கினோம். காரணம் என்ன? தெற்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் ஒன்று அந்தக் கடலில் ஓடுகிறது. அதன் மேல் வரும் காற்று குளிர்ந்து, மூடுபனியாகி ஊருக்குள் நுழைகிறது. அந்தப் பனியைக் குடித்தே உயிர் வாழும் வண்டு ஒன்று உண்டு. மணல் மேட்டின் உச்சியில் தலைகீழாக நிற்கும். முதுகில் படியும் நீர் வழிந்து வாய்க்கு வரும். குடிக்கும். கெட்டிக்கார வண்டு!

நாங்கள் நண்பர்கள் நாலு பேர். வண்டைப் பார்க்கப் போகவில்லை. வீர விளையாட்டு விளையாடப் போனோம். "வயதான காலத்தில் இது தேவையா?" என்று வீட்டில் கேட்டார்கள். தேவைதான் என்பது என் கட்சி. உடம்பு வளையும் வரை விளையாட வேண்டும்.

மணலில் சறுக்கல்

முதல் நாள் மணல் சறுக்கு. மெல்லிய பலகை ஒன்று தருகிறார்கள். அடியில் மெழுகு தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார்கள். அதன் மேல் குப்புறப் படுக்க வேண்டும். முன் ஓரத்தை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடிக்க வேண்டும். விட்டால் பலகை மணலில் குத்திக்கொள்ளும். கால்தான் பிரேக்.

இறங்குவது சில விநாடி. ஏறுவதுதான் பாடு! பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஏற வேண்டும். ஓர் அடி வைத்தால் அரை அடி சரிகிறது. மூன்றாம் முறை எனக்கு மூச்சு வாங்கியது. மூக்கிலும் காதிலும் மணல். ஆனாலும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... பள்ளிக்கூடம் விட்ட பிறகு அப்படிச் சிரித்ததில்லை.

"நான் வரவில்லை"

மறுநாள் விமானத்திலிருந்து குதிப்பது. உயரம் 10,000 அடி. பழகிய ஒருவர் நம்மைத் தம் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பார். அரை நிமிடம் கல்லைப் போல விழ வேண்டும். பிறகுதான் குடை விரியும்.

முதலில் ஒரு தாளை நீட்டினார்கள். உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் எங்கள் பொறுப்பு என்று அதில் இருந்தது. மூவர் சட்டென்று கையெழுத்துப் போட்டோம். நாலாவது நண்பர் மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"எனக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது. நான் வரவில்லைப்பா" என்றார்.

நாங்கள் சும்மா இருந்தோமா? "பயந்தாங்கொள்ளி" என்றோம். "இவ்வளவு தூரம் வந்து இப்படியா?" என்றோம். நானும்தான் சொன்னேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கேலிக்குப் பயந்து ஒருவர் குதித்தால், அது வீரமா? படித்துப் பார்த்து மறுத்தவர்தான் அன்று எங்களில் விவரமானவர்.

சுவருக்குள் மேடுகள்

நாங்கள் குதித்துவிட்டுத் திரும்பினோம். அவர் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "ஓர் இடம் காட்டுகிறேன், வாருங்கள்" என்றார்.

ஊர்க்கோடியில் ஒரு கல்லறை வெளி. அங்கே சிறு சிறு மண் மேடுகள். ஒன்றல்ல, இரண்டல்ல. கண்ணுக்கு எட்டிய வரை மேடுகள். பெயர் இல்லை. கல் இல்லை.

அந்த ஊரை 1892-ல் உண்டாக்கியவர்கள் ஜெர்மானியர்கள். 1904 முதல் 1908 வரை எரேரோ, நாமா மக்களை அவர்களுடைய படை வேட்டையாடியது. பிடிபட்டவர்களை இந்த ஊரில் அடைத்து வைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. மூட்டை தூக்க வைத்தார்கள். வண்டி இழுக்க வைத்தார்கள். உள்நாட்டு வெயிலில் வளர்ந்தவர்கள் இந்தக் கடற்பனியில், அரை வயிற்றோடு, கந்தலோடு செத்து விழுந்தார்கள். அது இனப்படுகொலை என்று 2021-ல்தான் ஜெர்மனி அரசு ஒப்புக்கொண்டது.

சுற்றுச்சுவர் எழும் வரை, மணல் வண்டிகள் இந்த மேடுகளின் மேலேயே ஏறி இறங்கின! ஓட்டியவர்களுக்கு அது வெறும் மணல்.

மறுநாள் நாங்கள் ஓட்ட இருந்ததும் அந்த வண்டிதான். நான்கு சக்கர மோட்டார் சைக்கிள்.

இறந்தவர்கள் மட்டும் அல்ல, உயிரோடு இருப்பவையும் அங்கே நசுங்குகின்றன. டமாரா ஆலா என்று ஒரு கடற்பறவை. கைக்குள் அடங்கும். கூடு கட்டாது. வெறும் தரையில் முட்டையிடும், பெரும்பாலும் ஒன்றே ஒன்று. முட்டையும் கூழாங்கல்லும் ஒரே நிறம். ஓடும் வண்டியிலிருந்து தெரியுமா? முட்டையிடும் இடத்துக்கு வேலி போட்டு வண்டிகளைத் தடுத்தார்கள். அதிகக் குஞ்சுகள் பொரிந்தன. சரளை வெளியிலோ, ஒரு தடவை பதிந்த சக்கரத் தடம் பல பத்தாண்டுகள் அழியாது.

விளையாட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பலகையில் சறுக்குங்கள். காற்று அடித்தால் அந்தத் தடம் மறைந்துவிடும். வண்டி ஓட்டுவதானால், குறித்த பாதையில், வழி தெரிந்தவரோடு மட்டுமே விட வேண்டும். காசு கொடுத்தவர் கையில் சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுவது அநியாயம். எங்களுக்கு வண்டி பேசியவர் வழிகாட்டி யாரையும் அனுப்பவில்லை. கேட்டதற்கு, "பாலைவனம்தானே, எங்கே வேண்டுமானாலும் போங்கள்" என்றார்.

நாங்கள் போகவில்லை. அன்று காலை நாலு பேரும் கடலோரம் நடந்தோம்.

முன்பணம் மட்டும் திரும்பி வரவில்லை.