சாமிக்கு வைக்கிற கிழங்கு சம்பந்திக்கு ஆகாதா?

ஒரு சின்னக் கேள்வி. பொங்கலன்று சூரியனுக்குப் படைக்கிறோமே... கரும்பு, மஞ்சள்கொத்து, பூசணி, மொச்சை, அவரை, கூடவே நாலு சர்க்கரைவள்ளிக்கிழங்கு. கற்பூரம் காட்டி முடித்ததும் அந்தக் கிழங்கு எங்கே போகிறது? பொங்கல் இலைக்கு வந்துவிடும். பூசணியும் அவரையும் குழம்பில் வந்துவிடும். கரும்புக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். கிழங்கை மட்டும் அவித்து ஒரு தட்டில் கொட்டி, "வேணுங்கிறவங்க எடுத்துக்கோங்க" என்று அடுப்படியிலேயே விட்டுவிடுவோம். சில வீடுகளில் பல காய் போட்ட கூட்டில் இரண்டு துண்டு கிடக்கும். மார்கழித் திருவாதிரைக் களிக்குச் செய்கிற ஏழுகறிக் கூட்டிலும் அதே கதைதான். கூட்டத்தோடு கூட்டமாக வந்துவிட்டுப் போகும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பண்டிகைச் சாப்பாட்டில் சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கென்று தனியாக ஒரு பதார்த்தம் வேண்டும். அதை விருந்தாளி இலையில் வைக்க வேண்டும். சர்க்கரை கொட்டாமல் செய்ய வேண்டும்.

ஏன் வைப்பதில்லை? எங்கள் ஜவ்வாது மலையில் இதற்கு விடை எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கிழங்கு என்றால் ஒன்றும் இல்லாத காலத்துச் சாப்பாடு. வீட்டுச் சாமை தீர்ந்து, அடுத்த அறுவடை வராத மாதங்களில் காட்டில் தோண்டியும் கொல்லையில் பிடுங்கியும் தின்றது. போன பொங்கலுக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து சம்பந்தி வீட்டார் போளூர் பக்கமிருந்து மலையேறி வந்திருந்தார்கள். கிழங்கில் ஏதாவது செய்து வைக்கலாமே என்று நான் வாயெடுத்ததும் ஆயா கேட்டார்: "ஏண்டா கண்ணு, சோறில்லாம கெழங்கு போட்டாங்கன்னு அவங்க ஊருல போய் சொல்லணுமா?"

அன்று இலையில் வெள்ளை அரிசிச் சோறு, வடை, அப்பளம், சேமியா பாயசம். எங்கள் நிலத்தில் விளைந்த சாமைகூட இல்லை. படையல் கிழங்கு மாட்டுக்குப் போனது. மாடு சந்தோஷமாகத்தான் தின்றது, அது வேறு விஷயம்.

ஆயாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பசியைப் பார்த்தவருக்கு அந்தக் கூச்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பி.காம். படிக்கிறவன் மண்டையில் வேறொரு கணக்கும் ஓடுகிறது. சாமைக்கும் இதே இளக்காரம் இருந்ததே? 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்தது. அதற்குச் சில வருஷம் முன்பிருந்தே நகரத்துக் கடைகளில் சாமை பாக்கெட் ஏறிவிட்டது. விருந்தில் சாமைப் பொங்கல் போட்டால் இப்போது பெருமை. தானியம் மாறவில்லை, அதைப் பரிமாறுகிற இடம் மாறியது.

கிழங்குக்கும் இப்படி நடந்த ஊர் ஒன்று உண்டு. சர்க்கரைவள்ளியின் பூர்வீகமே அமெரிக்கக் கண்டம்தான். அங்கிருந்து கப்பலேறி, போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது என்கிறார்கள். நம் ஊர் வள்ளிக்கிழங்குக்கும் இதற்கும் சொந்தம் கிடையாது. செடி வகையில் பார்த்தால் இது வள்ளைக்கீரைக்குத்தான் உறவு! கொடியில் காய்க்கிற கிழங்கு, இனிப்பு வேறு, ஆகவே சர்க்கரைவள்ளி என்று நாம் பெயர் வைத்துவிட்டோம். (தெற்கே சீனிக்கிழங்கு, யாழ்ப்பாணத்தில் வத்தாளங்கிழங்கு.) அமெரிக்கர்களும் இதே குழப்பத்தைச் செய்தார்கள். 1930களில் லூசியானா விவசாயிகள் தங்கள் ஆரஞ்சு நிறக் கிழங்கை மற்றதிலிருந்து பிரித்துக்காட்ட, வள்ளிக்கிழங்குக்கான 'யாம்' என்ற பெயரிலேயே சந்தைக்கு அனுப்பினார்கள். எங்கள் மார்க்கெட்டிங் பாடத்தில் இதற்கு 'பிராண்டிங்' என்று பெயர். :-)

அமெரிக்கத் தென்பகுதியில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் சாம்பலில் சுட்டுத் தின்ற கிழங்கு இது. அடிமைத்தனத்தில் பிறந்து விஞ்ஞானியான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், ஏழை விவசாயிகளுக்காக டஸ்கெகீ கல்வி நிலையத்திலிருந்து இதைப் பாதுகாக்கும் முறைகளையும் சமையல் குறிப்புகளையும் அச்சிட்டுக் கொடுத்தார். இன்றைக்கு நவம்பர் நான்காவது வியாழக்கிழமை நன்றி தெரிவிக்கும் திருநாளில் 'ஸ்வீட் பொட்டேட்டோ கேசரோல்' இல்லாத வீடு அங்கே குறைவு. (கேசரோல் என்றதும் சப்பாத்தி வைக்கிற ஹாட்பாக்ஸ் ஞாபகம் வந்தால் நீங்கள் நம்ம ஆள். அவர்களுக்கு அது அகலமான பாத்திரத்தில் போட்டு அவனில் வேகவைக்கிற பதார்த்தம்.)

அந்தப் பதார்த்தத்தின் மேலே மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு மிட்டாயை அடுக்கி உருக்குகிறார்கள். பாட்டி காலத்துப் பாரம்பரியம் என்று நினைத்துவிட வேண்டாம். 1917-இல் ஏஞ்சலஸ் மார்ஷ்மெல்லோ தயாரித்த கம்பெனி, தன் சரக்கு விற்க வேண்டுமே என்று ஜேனட் மெக்கென்சி ஹில் என்ற சமையல் எழுத்தாளரை வைத்து ஒரு குறிப்புப் புத்தகம் போட்டது. மசித்த கிழங்குமேல் மார்ஷ்மெல்லோ வைக்கும் யோசனை அதில் வந்து, அப்படியே பண்டிகையில் ஒட்டிக்கொண்டது. மிட்டாய்க்காரன் லாபத்துக்குக் கிழங்கு சுமக்கிறது! அதில் ஜெலட்டின் வேறு உண்டு, அதாவது மாட்டுத்தோல், பன்றித்தோல் சமாச்சாரம். பொங்கலன்று நம் வீடுகளில் அது ஆகாது. அவர்களிடமிருந்து கிழங்கை நடுப்பந்தியில் வைக்கிற தைரியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம், மிட்டாயை விட்டுவிடுவோம்.

ஜப்பானிலும் பாருங்கள். போர்க்காலத்தில் இதையே தின்று சலித்துப்போன தலைமுறை ஒன்று இருந்தது. இன்று குளிர்காலத்தில் சூடான கல்லில் சுட்ட கிழங்கை அங்கே ஆசையாக வாங்கித் தின்கிறார்கள்.

சர்க்கரை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதைக் கிழங்கே தயாரித்துக்கொள்ளும். வேகும்போது சுமார் 60 முதல் 75 டிகிரி சூட்டில் அதிலுள்ள ஒரு நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற இனிப்பாக மாற்றுகிறது. அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு இனிப்பு. குக்கரில் நாலு விசில் விட்டால் அந்தக் கட்டத்தைச் சட்டென்று தாண்டிவிடும், நொதி செத்துப்போகும். சாம்பலில் புதைத்துச் சுட்டது ஏன் அப்படித் தித்திக்கிறது என்று இப்போது புரிகிறதா? எங்கள் மலைக்காரர்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்துவந்தது அதைத்தான்.

செய்முறை இதோ. எட்டுப் பேருக்கு ஒரு கிலோ கிழங்கு. தோண்டி ஒரு வாரம் நிழலில் கிடந்தது என்றால் இன்னும் நல்லது. கழுவி வைக்காதீர்கள், ஃபிரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள். கூன்வண்டு துளைத்தது ஒன்று சேர்ந்தாலும் சட்டி முழுக்கக் கசக்கும், பார்த்துப் பொறுக்குங்கள். தணிந்த கங்கில், சாம்பல் மூடி, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். தோலை உரித்து மசித்து, அரைமூடித் தேங்காயின் கெட்டிப் பால், கொஞ்சம் உப்பு, சுக்கு, ஏலக்காய். இதை நெய் தடவிய இரும்புச் சட்டியில் பரப்புங்கள். மேலே தூவ, வறுத்த சாமையையும் வேர்க்கடலையையும் கொரகொரப்பாக உடைத்து, துளி நெய்யில் பிசறிக்கொள்ளுங்கள். மூடியின் மேல் கங்கு வைத்துக் கால் மணி நேரம் தம் போட்டால் மேல்பக்கம் மொறுமொறு என்று வந்துவிடும். அவன் எல்லாம் தேவையில்லை. டவுனில் கேஸ் அடுப்பு மட்டும்தான் என்றால் கிழங்கைச் சிறுதீயில் ஆவியில் நிதானமாக வேகவிட்டு, மேல்தூவலைத் தனியாகச் சிவக்க வறுத்துப் போடுங்கள்.

சத்துக் கணக்கில் பொய் சொல்லப் பிடிக்கவில்லை. வைட்டமின் ஏ பெருமை எல்லாம் ஆரஞ்சு நிறக் கிழங்குக்குத்தான். ஆப்பிரிக்காவில் அதைப் பரப்பியதற்காக 2016-இல் உலக உணவுப் பரிசே கொடுத்தார்கள். நாம் வாங்குகிற சிவப்புத் தோல், வெள்ளைச் சதைக் கிழங்கில் அது பெயருக்குத்தான் இருக்கும். திருவனந்தபுரத்து மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 'பூ சோனா' என்ற ஆரஞ்சு ரகத்தை வெளியிட்டிருக்கிறது. கொடி வெட்டி நட்டால் ஏறக்குறைய நாலு மாதத்தில் கிழங்கு. எங்கள் பக்கம் நான் பார்த்தவரை பொங்கல் வாரம் முடிந்தால் கிழங்கைக் கேட்க ஆளில்லை. விருந்துப் பதார்த்தம் என்று பெயர் எடுத்தால் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் வாங்குவார்களே, விளைவிக்கிறவருக்கு ஒரு வார வியாபாரம் நாலு மாத வியாபாரம் ஆகுமே என்பதுதான் என் ஆசை.

ஆயாவிடம் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டேன். இதுவரை கிடைத்த சலுகை: அடுப்பும் இரும்புச் சட்டியும் எனக்கு. சம்பந்தி இலையில் வைப்பதா வேண்டாமா என்பதை அவர் ருசி பார்த்துவிட்டுச் சொல்வாராம்.