மன்றத்துக்கு ரசீதுப் புத்தகம் மட்டும் போதுமா?

மும்பையில் தமிழ் மன்றங்களுக்குப் பஞ்சமில்லை. தாராவி, சீத்தா கேம்ப், சயான் கோலிவாடா, மலாடு, முலுண்டு, டோம்பிவிலி, கல்யாண் என்று நம்மவர் குடியிருக்கும் இடமெல்லாம் ஏதாவதொரு சங்கமோ நற்பணி மன்றமோ பெயர்ப் பலகையோடு நிற்கிறது. பொங்கலுக்கு ஒரு மாதம் முன்பே ரசீதுப் புத்தகம் அச்சாகிவிடும். மளிகைக் கடை அண்ணாச்சி, இட்லி வியாபாரி, தோல் பட்டறைக்காரர், மாதச் சம்பளம் வாங்கும் நாம் எல்லோரும் தருகிறோம். மேடை, ஒலிபெருக்கி, பொன்னாடை என்று அந்தப் பணம் மூன்று நாளில் கரைந்தும் போகிறது.

விழா கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதே மன்றத்து அறையில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கிறதே, அதற்கு மட்டும் ஏன் எப்போதும் பணமில்லை? மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, மேல் வகுப்பில் ஆங்கிலத்துக்கோ மராத்திக்கோ மாறித் தடுமாறும் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் கைத்தாங்கல். எனக்குத் தெரிந்த ஒரு மன்றத்தில் கணக்குப் பாடம் எடுத்த பெண் நான்கு மாதச் சம்பளம் நின்றுபோனதால் விலகினார். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அப்போது பத்து வாரமே பாக்கி. அந்த ஆண்டு பொங்கல் விழா மட்டும் குறைவில்லாமல் நடந்தது.

இப்படிப்பட்ட வேலைக்கென்றே பணம் ஒதுக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் 1914-ல் பிரெடரிக் காஃப் என்ற பாங்கிக்காரர் ஓர் ஏற்பாடு செய்தார். ஊர் மக்கள் கொடுப்பதையும் எழுதி வைப்பதையும் ஒரே முதலாகச் சேர்த்து, அதன் வருமானத்தை அந்த ஊர் நற்பணிகளுக்கே மானியமாகக் கொடுப்பது என்பதே அது. இதைத்தான் கம்யூனிட்டி பவுண்டேஷன் என்கிறார்கள். நம் நாட்டில் அவ்வகை நிதியங்கள் சிலவே. ஆனாலும் மும்பையில் மனுவைப் பார்த்து மானியம் தரும் அறக்கட்டளைகள் பெரிதும் சிறிதுமாக இருக்கின்றன. போதாததற்கு 2014 ஏப்ரல் முதல் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவும் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 ரூபாயைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 10 கோடி என்றால் 20 லட்சம். கம்பெனி இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. செம்பூர், மாஹுல் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும் நிற்கின்றன. அவற்றின் புகையைச் சுவாசிக்கும் நம்மவர்கள் எத்தனை பேர் இந்த முன்னுரிமையைக் கேட்டிருக்கிறோம்?

"தமிழன் என்றால் தரமாட்டான் தம்பி" என்று ஒரு மன்றத்துச் செயலாளர் என்னிடம் சொன்னார். "எப்போது மனுப் போட்டீர்கள் அண்ணாச்சி?" என்று கேட்டேன். போடவில்லை. போட முடியாத நிலையில் மன்றம் இருந்தது என்பதே உண்மை.

அந்த நிலை என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலான மன்றங்கள் இதில்தான் சிக்கிக் கிடக்கின்றன. மகாராஷ்டிரத்தில் 1860-ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தில் பதிந்த மன்றங்கள், 1950-ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டப்படி சாரிட்டி கமிஷனர் அலுவலகத்திலும் பதிவாகின்றன. நிர்வாகிகள் மாறினால் 90 நாளுக்குள் 'சேஞ்ச் ரிப்போர்ட்' கொடுத்தாக வேண்டும். நம் மன்றங்களில் தேர்தல் என்றாலே இரண்டு கோஷ்டி. இரண்டு கோஷ்டியும் தனித்தனியாக ரிப்போர்ட் கொடுக்கும். ஆட்சேபணை, விசாரணை, வாய்தா என்று ஆண்டுகள் உருளும். அதுவரை அரசாங்கப் பதிவேட்டில் பழைய பெயர்களே நிற்கும். காலமாகி ஏழெட்டு ஆண்டான தலைவர் ஏட்டில் இன்னும் தலைவராக இருக்கிறார். பாங்கியில் கையெழுத்துப் போட ஆளில்லை. இந்த மன்றத்தை நம்பி யார் செக் எழுதுவார்கள்? நாமாக இருந்தாலும் எழுதமாட்டோம்.

அடுத்தது வருமான வரிப் பதிவு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 12ஏ, 80ஜி என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2025-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு அதில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. எண் எதுவானாலும் இந்தப் பதிவு இல்லாத மன்றத்துக்குக் கம்பெனிப் பணம் வராது. ஒருமுறை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் போதும் என்றிருந்த காலமும் போய்விட்டது. 2021 முதல் கெடு வைத்துப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. இதற்கு மேல் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் கொடுத்து ஓர் எண் வாங்க வேண்டும். அதே மாதிரிப் பணியில் மூன்று ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். இன்று பதிவு செய்து நாளை பணம் கேட்க முடியாது என்பதற்காகவே இன்றே தொடங்க வேண்டும் என்கிறேன்.

காகிதம் சரியானால் மனு. இங்கேதான் நம்மவர் எழுத்து கெட்டுப் போகிறது. கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தில் ஆரம்பித்து, மன்றத்துக்கு வந்து போன அமைச்சர்கள் பெயரை அடுக்கி, கடைசி வரியில் 'கல்விப் பணிக்குத் தாராளமாக உதவுக' என்று முடிக்கிறோம். பணம் கொடுப்பவர் கேட்பது வேறு. எங்கள் அறையில் மாலை 6 முதல் 8 வரை 38 பிள்ளைகள் படிக்கிறார்கள், அதில் 17 பேர் பத்தாம் வகுப்பு, போன ஆண்டு கணக்கில் தவறியவர்கள் 6 பேர், கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் வேண்டும் என்று ஒரு மன்றம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஆசிரியருக்கு மாதம் 6,000 வீதம் பத்து மாதத்துக்கு 1,20,000, மின்கட்டணம் 7,000, நோட்டு, வினாத்தாள் 9,000, ஆக 1,36,000. இதில் சந்தாப் பணத்திலிருந்து 16,000 நாங்கள் போடுகிறோம், மீதி 1,20,000 கேட்கிறோம். இவ்வளவுதான் மனு. வருகைப் பதிவேடும் தேர்வு முடிவும் உடன் வைத்தால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதை எழுத வெளியிலிருந்து ஆள் வர வேண்டுமா? ரயில்வேயிலும் பாங்கியிலும் துறைமுகத்திலும் வரி அலுவலகத்திலும் நாள் முழுக்கக் குறிப்பு எழுதியும் பில் சரிபார்த்தும் காலம் தள்ளுகிறவர்கள் நாம். பிரயாணப்படி பில்லில் ஒரு தேதி பிசகினால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புகிறோம். அதே கை மன்றத்துக் கணக்கு என்றதும் காலண்டர் முதுகில் பென்சிலால் கூட்டல் போடுகிறது! வவுச்சர் ஒட்டி வைப்பதும் மினிட் புத்தகம் எழுதுவதும் நமக்குத் தெரியாத வித்தையா என்ன? ஆங்கிலம் தடுமாறினால் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் எழுதட்டும்.

மனுவை எழுத உட்காரும்போது இன்னொன்றும் வெளிச்சத்துக்கு வரும். கமிட்டியில் இருபத்தொரு பேர் இருப்பார்கள். ஆனால் வகுப்பை நடத்துவது யார் என்ற கேள்விக்கு எழுத வேண்டிய பெயர் அந்த இருபத்தொன்றில் இருக்காது. அறையைத் திறந்து, பெருக்கி, பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு வருவது பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருக்கும். அந்தப் பெண்ணைக் கமிட்டியில் சேர்த்துவிட்டு மனுவை எழுதுவது நல்லது.

'அடுத்தவனிடம் கையேந்துவதா?' என்பார் சிலர். ரசீதுப் புத்தகத்தோடு கடை வாசலில் நிற்பது மட்டும் என்னவாம்? இன்னொரு கட்சிக்காரர், மானியம் வாங்கினால் கொடுப்பவன் சொன்னபடி ஆட வேண்டும் என்கிறார். இதில் நியாயம் உண்டு. கம்ப்யூட்டர் வகுப்புக்குத்தான் தருவேன் என்றால் டியூஷனை மூடிவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கக் கூடாது. நன்றி சொல்லிவிட்டு வேறு கதவைத் தட்டலாம். மானியம் ஓராண்டில் நின்றும் போகலாம். அதனால்தான் பத்து ரூபாயானாலும் மாதச் சந்தாவை விடக்கூடாது என்கிறேன். நூற்றுக்கு இத்தனை கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். பிள்ளைகளின் பெயரில் கேட்ட பணத்தில் அவருக்குப் பங்கு கொடுத்துவிட்டு, ஆடிட்டர் முன்னால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மார்ச் 31-ல் கணக்கு முடிந்ததும் மன்றங்கள் பொதுக்குழுவுக்கு நோட்டீஸ் அனுப்பும். வரவு செலவு, விழாக் குழு, 'இதர விஷயங்கள்' என்று வழக்கமான பொருள்கள் இருக்கும். உறுப்பினராக இருக்கும் வாசகர்கள் அதில் இரண்டு பொருளைச் சேர்க்கச் சொல்லிச் செயலாளருக்கு இப்போதே எழுதிக் கொடுக்கலாம். சாரிட்டி கமிஷனர் ஏட்டில் இன்றைக்கு யார் பெயர் இருக்கிறது என்பது ஒன்று. வருமான வரிப் பதிவு எந்தத் தேதியோடு முடிகிறது என்பது இன்னொன்று. பதிலை மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.