ஸ்பிரிங்கைத் திருகினால் முதுகுவலி போகுமா?

“அக்கா, தைலம் இருந்தா எடுத்துட்டு வா... அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்!”

ராத்திரி பதினோரு மணிக்கு இப்படி ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? அனுப்பியது என் சித்தி பையன். கோவையில் மெக்கானிக்கல் கடைசி வருஷம். ‘பாஹா’ டீமில் அவன்தான் டிரைவர்.

பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா என்பது இன்ஜினீயரிங் மாணவர்களுக்கான போட்டி. 2007-ல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தொடங்கியது. பசங்களே குழாய்களை வெட்டி, வெல்டிங் வைத்து, ஒரு ஆள் உட்காரும் பக்கி வண்டியைச் செய்ய வேண்டும். அதை மேடு பள்ளத்தில் 4 மணி நேரம் ஓட்டும் என்டூரன்ஸ் ரேஸும் உண்டு. நம்ம ஆளுக்கோ காலேஜ் மைதானத்தில் 10 நிமிஷம் ஓட்டுவதற்குள் முதுகு போய்விட்டது.

மறுநாள் போய்ப் பார்த்தேன். வண்டியில் ‘காயில்ஓவர்’ சஸ்பென்ஷன். ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும். ஸ்பிரிங் எடையைத் தாங்கும். உள்ளே இருக்கும் ஆயில், அது எவ்வளவு வேகமாக அமுங்கி நிமிரணும் என்பதைக் கட்டுப்படுத்தும். அடுத்தடுத்த மேடுகளில் வண்டி ‘டம்’மென்று அடிவாங்கியதும், ஸ்பிரிங் லூசு என்று முடிவுகட்டி மேலே இருக்கும் வளையத்தை இறுக்கியிருக்கிறார்கள். வண்டி குதிரை மாதிரி துள்ள ஆரம்பித்தது. துள்ளலை அடக்க ரீபவுண்ட் திருகை மூடினார்கள். அடி இன்னும் பலமானது. மறுபடி வளையத்தை இறுக்கு... மூணு வாரமாக இதே கதை!

“யார்கிட்டயாவது கேட்கலாமே?” என்றேன். “இன்ஜினீயரிங் படிச்சிட்டு மெக்கானிக்கிட்ட போறதா?” என்றான் ஒருவன். எனக்கு வந்த கோபத்துக்கு... சரி, விடுங்கள்.

கடைசியில் ரேலி வண்டிகளுக்கு வேலை பார்க்கும் ஒரு பெரியவரைக் கூட்டி வந்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “ரீபவுண்ட் எத்தனை கிளிக்ல இருக்குது?”

ஒருத்தருக்கும் தெரியவில்லை. யாரும் எழுதி வைக்கவே இல்லை.

“ஏங்கண்ணு, வளையத்தைத் திருகினா வண்டி உசரமாகும், ஸ்பிரிங் கெட்டியாகாது. நூறு பவுண்ட் ஸ்பிரிங்கை ஒரு இன்ச் அமுக்க நூறு பவுண்ட் வேணும். முன்னாடியே அமுக்கி வெச்சாலும் அடுத்த இன்ச்சுக்கு அதே நூறுதானுங்க” என்றார். நம் பைக்கில் பின்னால் ஆள் உட்காரும்போது ஷாக்கை ஒரு படி ஏற்றுகிறோமே, அதுவும் இதே சங்கதிதான். தாழ்ந்த வண்டி உயருமே தவிர, ஸ்பிரிங்கின் பலம் கூடாது.

உண்மையான வில்லன் ரீபவுண்ட். அதை ரொம்ப மூடியதால், முதல் மேட்டில் அமுங்கிய ஷாக் நிமிர்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. இன்னும் அமுங்குகிறது. நாலாவது மேட்டில் அமுங்க இடமே இல்லாமல் இரும்பும் இரும்பும் மோதுகின்றன. அந்த அடி நேராக டிரைவர் முதுகுக்கு!

தம்பியை ஹெல்மெட்டோடு உட்காரவைத்து, சஸ்பென்ஷனின் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்வரை வளையத்தைத் தளர்த்தினார். ஷாக் ராடில் ஒரு கேபிள் டை மாட்டினார். எதுவரை அமுங்கியதோ, அங்கேயே அது நின்று காட்டிக்கொடுக்கும். ரீபவுண்டை முழுக்க மூடி, அங்கிருந்து இரண்டிரண்டு கிளிக்காகத் திறந்தார். அதே டிராக், அதே வேகம். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம். “எழுது கண்ணு” என்று என்னிடம் நோட்டைக் கொடுத்துவிட்டார். பேட்டி எடுக்கப் போனவளுக்கு குமாஸ்தா வேலை!

எட்டாவது கிளிக்கில் முன்பக்கம் சரியானது. பின்பக்கம் மட்டும் பெரிய மேட்டில் இன்னும் அடிவரை போனது. “இது நெசமாவே ஸ்பிரிங் பத்தலீங்க” என்று அவரே சொன்னார். ஒரு படி கெட்டியான ஜோடி வாங்க, டீம் டீ-ஷர்ட்டுக்கு வைத்திருந்த காசை எடுத்தார்கள்.

நேற்று தம்பி ஒரு போட்டோ அனுப்பினான். கேபிள் டை, அடிக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே நிற்கிறது. அடுத்த ஞாயிறு 4 மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறார்களாம். சித்தியையும் கூப்பிட்டிருக்கிறான். தைலம் விஷயத்தை அதற்குள் அவனே சொல்லிவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறான்... பார்ப்போம்.