நூறு யென்னின் கணக்கு

யப்பானின் ஹிரோஷிமா நகரையும் அதன் வடகிழக்கே மலைகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஊர்களையும் கெய்பிப் புகையிரதப் பாதை ஒரே தண்டவாளத்தால் பிணைக்கிறது. நீளம் 159.1 கிலோமீற்றர். இதில் தோஜோவுக்கும் பிங்கோ-ஓச்சியாய்க்கும் இடைப்பட்ட துண்டில் நூறு யென் வருவாய் பெறுவதற்கு 25,416 யென் செலவாகிறதென்று மேற்கு யப்பான் புகையிரதக் கம்பனி 2022 ஏப்ரிலில் அறிவித்தது. 2017 முதல் 2019 வரையான ஆண்டுகளின் சராசரி இது. அன்று தொட்டு அந்த மலைப்பாதை பத்திரிகைகளுக்கு ஒரு கேலிப் பொருளாயிற்று.

எண் பொய்யென்று நாம் சொல்லவில்லை. அதைப் பெற்ற முறைதான் பொய். உடலிலிருந்து ஒரு விரலை வெட்டித் தராசில் வைத்து, 'இது ஒரு மணி நெல்லும் தேடவில்லை' என்று தீர்ப்புச் சொல்வது என்ன நியாயம்? அந்தத் துண்டில் நாளொன்றுக்கு மூன்று தடவைதான் வண்டி போய் வருகிறது. சில இடங்களில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்கிறது. நோயாளிக்குக் கஞ்சியை நிறுத்திவிட்டு, மெலிந்துபோனான் என்று சாட்சி சொல்ல வருகிறார்கள்!

1987 இல் தேசியப் புகையிரதம் துண்டாடப்பட்டுத் தனியாரிடம் கொடுபட்டபோது அதன் கடன் ஏறத்தாழ 37 இலட்சம் கோடி யென். அக்கடனைக் கிராமத்து வண்டிகளா தேடிவைத்தன? கடன் வாங்கிப் பெரும் பாதைகள் போட்ட கொள்கைக்கு அதில் பங்கில்லையா? முதல் ஷின்கன்சென் ஓடிய 1964 ஆம் ஆண்டிலேதான் தேசியப் புகையிரதமும் நட்டத்தில் வீழ்ந்தது. இலாபப் பாதைகள் நட்டப் பாதைகளைத் தாங்கும் என்பதே 1987 ஏற்பாட்டின் அடிப்படை. அதற்கு முந்திய ஆண்டில், ஆளுங்கட்சியான லிபரல் ஜனநாயகக் கட்சி, மூடுவதற்கென ஏற்கெனவே குறித்தவை தவிர்ந்த கிராமப் பாதைகள் மறையமாட்டா என்று பத்திரிகைகளில் விளம்பரமே செய்தது. கெய்பிப் பாதையோடு மியோஷியில் வந்து சேர்ந்த 108.1 கிலோமீற்றர் நீளச் சங்கோப் பாதை 2018 இல் மூடப்பட்டது. விளம்பரத்தின் மை காய்ந்துவிட்டது போலும்.

மலையூர்களில் சனத்தொகை குறைந்துவிட்டது, வீட்டுக்கு வீடு மோட்டார் வாகனம் வந்துவிட்டது என்பார்கள். உண்மைதான். ஆனால் அவ்வூர்களின் பொதுத் தெருக்களைப் பார்த்து, 'நீ நூறு யென் தேடினாயா?' என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. மோட்டார் ஓட்டும் வயதுவராத மாணவனும், ஓட்டும் வயதைக் கடந்த கிழவியும் ஏறும் வண்டியிடம் மட்டும் அந்தக் கேள்வி ஏன்?

ஊர் நகருக்குத் தந்தது எந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது? தன் பிள்ளைகளை உழைப்பாளிகளாக அனுப்பி நகரை வளர்த்தது அந்த மலைநாடு. 1945 ஆகஸ்டில் அணுகுண்டால் வெந்த மனிதர்களை ஏற்றிக்கொண்டு கெய்பிப் பாதையின் வண்டிகள் மியோஷி, ஷோபரா நோக்கி ஓடின. நகரம் எரிந்தபோது காயப்பட்டோரைத் தாங்கியவை அந்த ஊர்கள்.

2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தைக் கொண்டு, கம்பனியின் வேண்டுகோளின்பேரில், பிச்சூ-கோஜிரோ முதல் பிங்கோ-ஷோபரா வரையான 68.5 கிலோமீற்றரின் விதியை ஆராய 2024 சனவரியில் அரசு ஒரு சபையை அமைத்தது. இத்தகைய சபை நாட்டிலேயே இதுதான் முதல். இங்கே எழுதப்படும் தீர்ப்பு மற்றக் கிராமப் பாதைகளுக்கும் முன்மாதிரியாகும். ஆகவே அச்சபையின் மேசையில் அந்த 68.5 கிலோமீற்றரின் நட்டத்தை மட்டும் வைத்தால் போதாது. அதே தாளில் சன்யோ ஷின்கன்சென்னின் இலாபத்தையும் எழுதி வைக்கட்டும், பிறகு பேசுவோம்.