கிரகணமா காதை மூடியது?

பாலக்கோடு பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். தாய்மாமன் மடியில் இரண்டு வயதுப் பையன். இரு காதும் சுருங்கி, துளையே இல்லாமல் பிறந்தவன். குத்த மடல் இருந்தது, ஆசாரி ஊசியை எடுத்தார். பக்கத்திலிருந்த பெரியம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வயித்துல இருக்கும்போது கிரகணத்துல அருவாமணை புடிச்சிருப்பா. சொன்னா எங்க கேக்குறாளுங்க?" பையனின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அரசு வேலையில் இருப்பவர்கள்கூட ஆமாம் போட்டார்கள்.

2019 டிசம்பர் 26 காலையில் கோவை, கரூர், திண்டுக்கல் வழியாக வளைய சூரிய கிரகணம் போனது. அன்றைக்கு அந்த ஊர்களில் எத்தனை கர்ப்பிணிகள் காய் நறுக்கியிருப்பார்கள், களை எடுத்திருப்பார்கள், பஸ் பிடித்து வேலைக்குப் போயிருப்பார்கள்! கிரகணம் காதை மூடும் என்றால், 2020இல் அங்கே கூட்டம் கூட்டமாக மூடிய காதோடு பிள்ளைகள் பிறந்திருக்க வேண்டாமா? எந்தப் பிரசவ வார்டில் அதைக் கண்டீர்கள்?

காது மடல் உருவாகத் தொடங்குவது கருவின் ஆறாவது வாரத்தில். கர்ப்பம் என்பதே பலருக்கு அப்போதுதான் உறுதியாகும். ஏழாம் மாத வயிற்றோடு கிரகணத்தில் நின்றவளின் பிள்ளைக்கு மடல் எப்போதோ உருவாகி முடிந்திருக்கும். இப்படிப் பிறப்பதற்குச் சிலரிடம் மரபணுக் கோளாறு காரணம், சிலரிடம் கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட சில மாத்திரைகள். பலரிடம் காரணமே பிடிபடுவதில்லை. பிடிபடாத இடத்தில் பெற்றவளைக் கூண்டில் ஏற்றுகிறோம். அவள் கர்ப்பமாக இருந்த மாதங்களில் இங்கே கிரகணம் தெரிந்ததா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தவர்கூட இல்லை. கோவையில் அத்தனை பேரை விட்டுவிட்ட கிரகணம் பாலக்கோட்டில் இவளை மட்டும் தேடி வந்ததாம்!

காதுகுத்து அன்று வாசலில் பம்பை அடித்தபோது பையன் சட்டென்று திரும்பினான். அதுதான் சேதி. காதுத் துளையும் நடுக்காதும் உருவாகும் வழி வேறு, உட்காது உருவாகும் வழி வேறு. துளை மூடியிருந்தாலும் உட்காது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒலி துளை வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் போகும். டைட்டானியம் எலும்போடு ஒட்டிப் பிணைந்துவிடும் என்று ஸ்வீடனின் பிரானெமார்க் கண்டார். 1977இல் கோதன்பர்க்கில் காதுக்குப் பின்னால் எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அதில் கருவியை மாட்டிக் கேட்க வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மண்டையோடு மெல்லியது. பொதுவாக ஐந்து வயது வரை அறுவை சிகிச்சை வேண்டாம், தலையில் கட்டும் பட்டையில் அதே கருவியை வைத்துக் கைக்குழந்தையிலேயே தொடங்கலாம்.

தொடங்க வேண்டிய அந்த வயதைத்தான் நாம் பரிகாரத்தில் தொலைக்கிறோம். தீர்த்தமலைக் கோயிலுக்குப் போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள், யார் தடுத்தார்கள்? ஆனால் பேச்சு படியும் வருடங்கள் காத்திருக்காது. "பம்பைக்குத் திரும்புறானே, தானா பேசிடுவான்" என்பவர்களும் அங்கேதான் இருந்தார்கள். பம்பை கேட்பவனுக்கு அம்மா பேசுவது கேட்காது.

கிரகணத்தைப் பற்றிப் பேசும் வாய் சொந்தத்தில் கட்டுவதைப் பற்றிப் பேசாது. பிறவியிலேயே உட்காது பழுதாகிக் காது கேளாமல் போவதற்கு நெருங்கிய இரத்த உறவுத் திருமணம் பெரிய காரணங்களில் ஒன்று. அக்கா மகளைக் கட்டிக்கொண்டு, சொத்து வெளியே போகவில்லை என்று சந்தோஷப்படுகிறோம். பிள்ளை கேட்காமல் பிறந்தால் அதற்கும் இந்த அருவாமணைதான். கிரகணத்தின் பெயரால் இன்னொன்றும் நடந்தது: அந்த 2019 கிரகணத்தன்று கர்நாடகத்தின் கலபுரகியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைக் குணமாகும் என்று கழுத்துவரை மண்ணில் புதைத்தார்கள். இதற்குமா நம்பிக்கை என்று பெயர்?

அந்தப் பையனைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். பெரா டெஸ்ட் எடுக்க வேண்டும், எங்கே எடுக்கலாம் என்று கேளுங்கள். உட்காது எவ்வளவு கேட்கிறது என்று அது சொல்லும். கூட்டிப்போகும் வேலையை அம்மா தலையில் மட்டும் கட்டாதீர்கள். அப்பாவும் அந்தப் பெரியம்மாவும் கூடவே போகட்டும்.