ஊமைக்காயம்: கத்தி இல்லாமலே ரத்தத்தை நிறுத்தலாம்! ஆனால் நேரம் காத்திருக்காது

பாபநாசம்—
தஞ்சை-கும்பகோணம் சாலையில் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தவர் தட்டிவிட்டு எழுந்திருப்பார். உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. "ஒண்ணுமில்ல, ஊமைக்காயம்தான்" என்று வீட்டுக்குப் போய்விடுவார். ஆபத்தே அங்கேதான்!

தென்னை மரத்தில் இருந்து விழுந்தாலும், மாடு முட்டினாலும் இதே கதைதான். இடது விலாவுக்குள் இருக்கும் மண்ணீரல் கிழிந்தால் ரத்தம் வெளியே வராது, வயிற்றுக்குள்ளேயே தேங்கும். ஒரு ஆளுக்கு இருப்பதே சுமார் 5 லிட்டர் ரத்தம்தான்.

மதகு இறக்கும் வைத்தியம்

முன்பெல்லாம் வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுத்துவிடுவார்கள். உயிர் தப்பும். ஆனால் நோய்க் கிருமிகளை எதிர்க்கும் உறுப்பு போய்விடும். ஆயுள் முழுக்க தொற்று பயம்.

1981-ல் நியூயார்க் டாக்டர் சல்வடோர் ஸ்க்லஃபானி வேறு வழி காட்டினார். தொடை இடுக்கில் சிறு துளை போட்டு, ரத்தக்குழாய்க்குள் மெல்லிய டியூபை விடுவது. எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே, மண்ணீரலுக்குப் போகும் குழாயில் கம்பிச்சுருளை வைப்பார்கள். வாய்க்கால் கரை உடைந்தால் மேலே மதகை இறக்குகிறோம் அல்லவா? அதே மாதிரிதான். வேகம் குறையும், கசிவு நிற்கும். பக்கக் கிளைகள் வழியாக ரத்தம் போவதால் மண்ணீரலும் பிழைக்கும்.

ஆனால் பிரஷர் நிலையாக இருந்து, ஸ்கேன் எடுக்க முடிந்தால்தான் இது நடக்கும். பிரஷர் விழுந்துவிட்டால் உடனே ஆபரேஷன்தான். ஆக, கத்தியா, குழாயா என்பதில் ரோட்டில் வீணாகும் நேரத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

எங்கே போவது?

பாபநாசத்தில் இருந்து கும்பகோணம் சுமார் 15 கிலோ மீட்டர். தஞ்சை சுமார் 25 கிலோ மீட்டர். தூரம் பெரிதில்லை. ராத்திரி 2 மணிக்கும் ஸ்கேனும், குழாய் செலுத்தும் டாக்டரும் எந்த ஆஸ்பத்திரியில் உண்டு? இதை ஊர் ஊராக போர்டு எழுதி வைத்தால் அலைச்சல் மிச்சமாகுமே! அதிகாரிகள் செய்வார்களா?

பணத்துக்குப் பயந்தும் பலர் தயங்குகிறார்கள். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தை தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. தூக்கிச் சென்றவரை பெயர், விலாசம் கேட்டு கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் கீழ் வந்த விதிகளும் சொல்கின்றன.

வயிறு கல்லாக இறுகுகிறதா? தலை சுற்றி வியர்க்கிறதா? இடது தோள்பட்டை வலிக்கிறதா? குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சிலருக்கு அடிபட்டு பல நாள் கழித்தும் ரத்தம் கசியும் என்பது குறிப்பிடத்தக்கது.